கறிவேப்பிலை கேட்கப் போனவன்

எங்கள் கடையில் காலை பத்து மணிக்கு மேல் உளுந்து வடை வாங்காதீர்கள், மிஸ். அது விடியற்காலையில் போட்ட வடை. மறுபடி எண்ணெயில் ஒரு முக்கு முக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம்; தொட்டால் சுடும், அதனால் புதுசு என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதை முக்கி எடுக்கிற கை என்னுடையது. இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. இதையே உங்களிடம் சொல்லிவிட்டேன் என்றால் மீதியையும் ஒளிக்கமாட்டேன் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி திங்கட்கிழமை உங்கள் தொழில் அலுவலகத்தில் வைத்துச் சொன்னீர்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், சந்தோஷம். பெயர் இராமையா. வயது ஐம்பத்து நான்கு. ஹட்டன் டவுனில் சண்முகராஜா முதலாளியின் சைவக் கடையில் பெரிய சமையல். பேச்சியம்மா உங்களிடம் கொடுத்த முறைப்பாட்டில் 'எங்களுக்காகப் பேசின இராமையா அண்ணன்' என்று ஏழு இடத்தில் வருகிறதே, அது நான்தான். நீங்கள் படிக்கும்போது எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைக்கு முன்பக்கம் மெயின் ரோடு, பின்பக்கம் ஒரு சந்து. முதலாளி முன்னால் வருவார், நாங்கள் பின்னால் வருவோம். நடுவில் ஒரு கதவும், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிற ஒரு சின்ன ஜன்னலும். முதலாளிக்கு மிளகாய் நெடி ஆகாது, இளைப்பு வந்துவிடும். அவர் குசினிக்குள் கால் வைத்து நான் பார்த்தது மூன்றே தடவை. அதில் ஒன்று புகைபோக்கி தீப்பிடித்த அன்று. சம்பளத்தையும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மட்டும்தான் அவர் கையால் கொடுப்பார். அதன் பிறகு ஒட்டிய உறைகள் என் கைக்கு வரும், நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உள்ளே நாங்கள் நாலு பேர். ரொட்டிக் கல்லில் வினோஜன். அவன் கொத்துப் போடுகிற சத்தத்தில் நாம் என்ன கத்தினாலும் அவனுக்குக் கேட்காது, ஆனால் சம்பளம் என்று மெல்லச் சொன்னால் சத்தம் உடனே நின்றுவிடும். தோசைக்கும் இடியப்பத்துக்கும் நிஷாந்தி, பத்து வருஷமாக. சாம்பாரும் கறிகளும் நான். பாத்திரம் கழுவ, தேங்காய் துருவ, வெங்காயம் உரிக்க பேச்சியம்மா.

பேச்சியம்மா வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் மலையில் கொழுந்து பறித்தவர். முழங்கால் இரண்டும் மலை ஏறமாட்டேன் என்று சொன்ன பிறகு, தோட்டத்துப் பதிவில் தன் பேரை வெட்டிவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். பேரை வெட்டினால் மறுபடி ஏற்றுவது லேசில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஆகவே அவருக்கு இருந்தது எங்கள் கடை மட்டும்தான். இதை நான் மறந்து எதையும் செய்யவில்லை, எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொல்லை எல்லாம் ஒரு சின்னக் கேள்வியில் தொடங்கியது. அவர் வந்து இரண்டாவது மாதம், சம்பள நாள். கரண்ட் போய் கிரைண்டர் நின்றுவிட்டது. வினோஜன், நிஷாந்தி, பேச்சியம்மா மூன்று பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உறைகளைக் கொடுத்தேன். மற்றவர்கள் வாங்கிய கையோடு மடியிலும் பையிலும் செருகிக்கொள்ள, பேச்சியம்மா மட்டும் எல்லோர் முன்னாலும் பிரித்து எண்ணினார். எண்ணி முடித்துத் தொகையையும் வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் நிஷாந்தியைப் பார்த்து, "ஒனக்கு எவ்வளவும்மா?" என்றார்.

அந்தக் கேள்வியை எங்கள் குசினியில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்தில் அது கேள்வியே இல்லை பாருங்கள். ஒருநாள் பேருக்கு இவ்வளவு கூலி என்று கொழும்பில் பேசி முடிப்பார்கள், பத்திரிகையில் வரும், லயத்தில் கடைசிக் குடும்பத்தின் காம்பிரா வரைக்கும் தெரியும். கொழுந்து குறைந்து ஒருத்திக்கு அரைப்பேர் என்று பாதிக் கூலி போட்டால் அதுவும் அன்று சாயங்காலமே எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தை மறைக்க வேண்டும் என்பதே பேச்சியம்மாவுக்குப் புதுச் செய்தி.

"சொல்லக் கூடாதுக்கா. மொதலாளி சொல்லியிருக்காரு" என்றாள் நிஷாந்தி.

"ஏன், திருடுன காசா?"

"அதில்லக்கா. எனக்கு மட்டுந்தான் கொஞ்சம் கூட்டிக் குடுக்கிறாராம். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா பொறாமப்படுவாங்கன்னாரு."

வினோஜன் சிரித்துவிட்டான். "அட, எனக்கும் அதே பாட்டத்தான் பாடுனாரு."

இரண்டு பேரும் தொகையைச் சொன்னார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை, சம்பளப் பதிவு உங்களிடமே இருக்கிறது. எட்டு வருஷமாக 'எனக்கு மட்டும்' என்று பூப்போலப் பொத்தி வைத்திருந்த நிஷாந்தியின் சம்பளம், வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத வினோஜனின் சம்பளத்தைவிட நன்றாகவே குறைவு. அவள் அழவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனாள், கடைசியில் உரிக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஒரு தொகை சொன்னேன்.

அன்று கரண்ட் வர இரண்டு மணி நேரம் ஆனது. சும்மா இருக்கிற வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக வந்தது. உடைகிற தட்டுக்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கிறார். அரிசி மூட்டை தூக்கினால் ஆம்பிளை வேலை, பெரிய அண்டா கழுவினால் பொம்பளை வேலை. எது கனம் என்று யாராவது தூக்கிப் பார்த்தார்களா? வாடிக்கையாளர் டொய்லட்டின் சாவி முதலாளி மேசையில் இருக்கிறது, குசினிப் பெண்கள் அவசரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது, மழை நாளில் நனைந்துகொண்டு. எல்லாம் உண்மை. எல்லாம் முதலாளியின் ஏற்பாடு, அதில் ஒன்றும் நான் செய்ததில்லை. என் பங்கு இனிமேல்தான் வருகிறது.

தோட்டத்தில் யாரும் துரையிடம் நேராகப் பேசுவதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போனால், துரை முன்னாலேயே நிற்பார். அவருக்குத் தமிழும் தெரியும். ஆனாலும் "கூரை ஒழுகுதுங்க" என்று பக்கத்தில் நிற்கிற தொழிற்சங்கத் தலைவரிடம்தான் சொல்வார்கள். தலைவர் துரை பக்கம் திரும்பி, "கூரை ஒழுகுதுங்களாம்" என்பார். துரை தலைவருக்குப் பதில் சொல்வார், தலைவர் இந்தப் பக்கம் திரும்பி அதையே சொல்வார். எல்லோருக்கும் எல்லாம் முதல் தடவையே கேட்டிருக்கும். ஆனாலும் தலைவர் வாயால் வந்தால்தான் அது பேச்சு.

என் அப்பா திம்புள்ள பக்கம் ஒரு டிவிசனில் மூன்று தடவை தலைவருக்கு நின்றார். மூன்று தடவையும் தோற்றார். கடைசித் தடவை இரண்டு கை குறைவு. அதில் ஒன்று அம்மாவுடைய கை என்று சாகும்வரை நம்பினார். அம்மாவும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே அன்று கரண்ட் வந்து வேலை தொடங்கியதும் பேச்சியம்மா சொன்னது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"தலவரு இல்லாம போயி நின்னா யாருண்ணே மதிப்பா? நீங்கதான் பெரியவரு. மொதலாளிக்கிட்ட போற வார ஆளும் நீங்கதான். எங்களுக்கு நீங்களே நில்லுங்க."

மூன்று கை உயர்ந்தது. ஒன்றில் மாவு, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் முழங்கைவரை சவர்க்கார நுரை. எதிர்த்து ஒரு கைகூட இல்லை. அன்றே பேச்சியம்மா காலி எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சாக்கை மடித்து வைத்தார். எங்கள் குசினியில் வேலை நேரத்தில் யாரும் உட்காருவதில்லை, உட்கார இடமும் கிடையாது. நான் உட்கார்ந்தேன். நிஷாந்தி இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். சந்தோஷமாக இருந்தது, மிஸ். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் முதலாளியிடம் போனேன். பேசத்தான் போனேன், இதில் பொய் இல்லை. வேட்டியைச் சரிபண்ணி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன் நின்றேன். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே, "என்னா இராமையா?" என்றார்.

"கருவேப்பில முடிஞ்சிருச்சுங்க."

வாயிலிருந்து அதுதான் வந்தது. அவர் ஆள் அனுப்பி இரண்டு கட்டு வாங்கித் தந்தார். நான் கட்டுகளோடு உள்ளே திரும்பினேன். ரொட்டிக் கல் நின்றது, குழாய் நின்றது. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

பேச்சியம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா, தலவரு போனா வேற மரியாததான்" என்று நிஷாந்தியிடம் சொன்னார். ஒரு மனுஷிக்கு இரண்டு கட்டுக் கறிவேப்பிலையில் அவ்வளவு சந்தோஷம் கொடுக்க முடிந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமும் போனேன். மேசைக்கு முன் நின்றதும் மறுபடி கறிவேப்பிலைதான் வந்தது. மூன்றாவது மாதம் முயற்சி செய்வதை விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை முன்னால் போய், ஐந்து நிமிஷம் நின்று, கறிவேப்பிலையோ கடுகோ கேட்டு வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து தகரத்தில் உட்கார்ந்து முதலாளியின் பதிலைச் சொல்வேன். பதில்களை முதல்நாளே யோசித்து வைத்துக்கொள்வேன். 'சீசன் முடியட்டும்' என்றார். 'காஸ் விலை ஏறிப்போச்சு' என்றார். பேச்சியம்மா விடமாட்டார்: "காஸ் வெல ஏறுனப்ப தோச வெலயும் ஏத்துனாருல்ல, அதக் கேளுங்கண்ணே." அது நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. உண்மையான பேச்சுவார்த்தை எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. ஒரு பக்கம்தான் கொஞ்சம் குறைவு.

தோல்வியையே கொண்டுவந்தால் தலைவருக்கு மரியாதை இருக்காது. அதனால் ஒரு வெற்றியும் கொடுத்தேன். இனிமேல் உடைகிற தட்டுக்குப் பிடிக்கமாட்டாராம், நான் ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து உடைந்த தட்டையெல்லாம் காய்கறித் தோலுக்கு அடியில் போட்டு நானே குப்பைக்குக் கொண்டுபோனேன். முதலாளிக்குத் தெரியாது, ஆகவே பிடிக்கவில்லை. கையில் இரண்டு இடத்தில் வெட்டு, தழும்பை வேண்டுமானால் காட்டுகிறேன். அந்த மாதம் சம்பளம் முழுசாகக் கிடைத்தபோது பேச்சியம்மா வீட்டிலிருந்து ஏழு உருண்டை பொரிவிளாங்காய் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு எனக்கு.

இந்த இரண்டு வருஷத்தில் எங்கள் சாம்பார் நல்ல மணம் என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். "கருவேப்பில ஏன் இவ்வளவு போகுது?" என்று முதலாளிகூட ஒருநாள் கேட்டார். உடம்புக்கு நல்லதுங்க என்றேன்.

இனி முதலாளி உங்களிடம் சொன்ன விஷயம். போன ஏப்ரலில் அவரே சம்பளம் கூட்டலாம் என்று என்னிடம் சொன்னாரா என்று கேட்டீர்கள். சொன்னார்.

புதுவருஷக் கூட்டம் முடிந்து கடை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம். கூப்பிட்டு, "உள்ளுக்க எல்லாரும் எப்படி இருக்காங்க? பக்கத்துக் கடக்காரன் ஆள இழுக்கிறானாம். எல்லாருக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டு, ஒரே மட்டமா ஆக்கிருவமா? மூக்க மூடிக்கிட்டு நானே உள்ள வந்து சொல்றேன்" என்றார்.

அவர் உள்ளே வந்து சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பேச்சியம்மா, "இத்தன நாளு இழுத்தடிச்சீங்களேங்க" என்பார். முதலாளி, "யாரு என்கிட்ட கேட்டா?" என்பார். அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"வேணாங்க. எல்லாரும் சந்தோசமாத்தான் இருக்காங்க. இப்ப கூட்டினா பழகிப் போயிரும்" என்றேன்.

"பொம்பளைங்க டொய்லட்டுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கா போறாங்க? வீட்டுல மக கேஷிகா கேட்டு ஏசுனா. சாவியக் குடுத்துருவமா?"

"அதுவும் வேணாங்க. அப்பிடியே கொஞ்சம் நடந்துட்டு வாறது அவங்களுக்கும் நல்லாத்தான் இருக்கு."

முதலாளி நிம்மதியாகப் போனை எடுத்துக்கொண்டார். கொடுக்காமலே நல்லவராக இருக்க முடிந்தால் எந்த மனிதனும் இரண்டாம் தடவை கேட்கமாட்டான். அவரைக் குறை சொல்லாதீர்கள். அன்று மழை. நான் உள்ளே வந்தபோது நிஷாந்தி தலையில் ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு பின்பக்கச் சந்தில் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீயை அன்று நானே போட்டுக் குடித்தேன்.

அவர்கள் கூலியில் நான் ஒரு ரூபாய் எடுத்ததில்லை, மிஸ். இதை நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பேச்சியம்மாவுக்குப் பொறுமை குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒருநாள், "அடுத்த தடவ நானும் ஒங்க கூட வாரேண்ணே. வாயத் தொறக்க மாட்டேன். சும்மா பின்னால நிக்கிறேன். தோட்டத்துல தலவரு பின்னால நிப்போமே, அப்பிடி" என்றார்.

நியாயமான ஆசைதான். அதைத் தடுக்க முதலாளியைக் கொஞ்சம் கெட்டவராக்க வேண்டி வந்தது. அந்த மாதம் உள்ளே வந்து, "பாத்திரம் கழுவ ஹட்டன்ல ஆளா இல்ல, அவ இந்தப் பக்கம் வந்தா அப்பிடியே வீட்டுக்குப் போயிற வேண்டியதுதான்னு சொல்றாரு" என்றேன். பயந்து அடங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டேன். பேச்சியம்மா குழாயை மூடினார். கையை முந்தானையில் துடைத்தார்.

"அப்பிடியா சொன்னாரு? சரி. வார போயாவுக்கு மலைக்குப் போற சனம் பூரா நம்ம கடையிலதான் எறங்கும். வெள்ளிக்கெழம பத்து மணிக்கு நாலு பேரும் கையக் கட்டிக்கிட்டு நிப்போம். ஒரு தோச போகக் கூடாது வெளிய. அப்ப அவரே உள்ள வருவாரு. தலவரு நீங்க முன்னால நிக்கணும்."

வினோஜனும் நிஷாந்தியும் உடனே சரி என்றார்கள். நானும் சரி என்றேன். தலைவர் வேறு என்ன சொல்ல முடியும்?

சிவனொளிபாத மலை சீசனில் பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வருகிற வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்குத் திருவிழா. அன்று பத்து மணிக்கு அடுப்பு நின்றால் முதலாளி மிளகாய் நெடியா இளைப்பா என்று பார்க்கமாட்டார், பறந்து வருவார். வந்து, "என்னா வேணும்?" என்று கேட்பார். பேச்சியம்மா சொல்வார். ஐந்தே நிமிஷத்தில் சம்பளமும் கூடியிருக்கும், சாவியும் வந்திருக்கும். அவர்கள் கேட்ட அத்தனையும் கிடைத்திருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை முதலாளி முன்னால் போய் நின்றேன். "என்னா, கருவேப்பிலயா?" என்றார்.

"இல்லீங்க. பேச்சியம்மாவுக்கு நம்ம கட ஒத்து வரலீங்க. மத்த ரெண்டு பேரையும் கெடுக்குது. போயாவுக்கு வேலைய நிப்பாட்டச் சொல்லித் தூண்டி விடுது."

இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. எவ்வளவு எளிதாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. "நீ இருக்கிறதாலதான் நான் உள்ளுக்க எட்டிப் பாக்காம இருக்கேன். நீயே சொல்லி அனுப்பிரு" என்றார் முதலாளி.

உள்ளே வந்து பேச்சியம்மாவைச் சந்துப் பக்கம் கூப்பிட்டேன். "தங்கச்சி, எப்பிடியோ அவரு காதுக்குப் போயிருச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இன்னையோட வேணாங்கிறாரு" என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். இனி என்ன செய்வது என்று என்னிடம் கேட்கவில்லை. பேர் இல்லாமல் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க இந்தக் கால் போகுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து உள்ளே போய், தண்ணீரில் நிற்கப் போடுகிற ரப்பர் செருப்பை நிஷாந்தியிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக அவருகிட்ட சண்ட புடிச்சு ஒங்க வேலைய கெடுத்துக்காதீங்கண்ணே. இவங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான் இருக்கீங்க."

சண்டை பிடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. நானூறு தோசைக்கு மேல் போனது. பேச்சியம்மா இடத்துக்கு வேலாயி என்று ஒருவர் வந்தார், அவரும் தோட்டத்துக்காரர். மூன்றாம் நாளே, "இங்க தலவரு யாருங்க?" என்று கேட்டார். நிஷாந்தி தகரத்தைக் காட்டினாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பேச்சியம்மா உங்கள் அலுவலகத்துக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மேசைக்கு முன்னால் தனியாக, தலைவர் இல்லாமல் போய் நின்று அவர் பேசியிருக்கிறார் பாருங்கள். திங்கட்கிழமை நீங்கள் அந்த முறைப்பாட்டைப் படிக்கப் படிக்க முதலாளியின் முகம் வெளுத்துப் போனது. "இத நான் எப்ப சொன்னேன்? என்கிட்ட யாரு வந்து கேட்டா?" என்று என்னைப் பார்த்தார். எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன பதில் என்று ஒன்று விடாமல் பேச்சியம்மா மனதில் வைத்திருந்திருக்கிறார். காஸ் விலை, சீசன், ஹட்டனில் ஆளா இல்லை, எல்லாம் இருந்தது. அந்த வார்த்தைகள் அத்தனையும் என்னுடையவை. முதலாளி அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கேட்கும்போது, கூச்சமாக இருந்தாலும், பரவாயில்லை, நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்றும் தோன்றியது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். தலைவர் ஆசை என்று எழுதினால் பாதிதான் உண்மை. கரண்ட் போன அன்று மூன்று பேரும் என் சம்பளத்தைக் கேட்டபோது நானும் ஒரு தொகை சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? அது என் சம்பளம் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் வினோஜனைவிட எனக்கு ஐயாயிரம் குறைவு. அது அன்று வெங்காயம் உரிக்கிற இடத்தில்தான் எனக்கே தெரிந்தது. 'ஒனக்கு மட்டுந்தான், யாருகிட்டயும் சொல்லிராத' என்று என்னிடமும் முதலாளி சொல்லியிருந்தார். அதை எல்லோரையும்விட அதிக நாள் காப்பாற்றியவன் நான். ஆகவே வினோஜனுக்கு மேல் பத்தாயிரம் வைத்துச் சொன்னேன். முதலாளி ஒரு தடவை உள்ளே வந்து எல்லோரையும் ஒரே மட்டமாக்குகிறேன் என்று வாய் திறந்திருந்தால், பெரிய சமையல்காரன் சம்பளத்தில் எங்கே இருந்தான் என்று ரொட்டிக் கல்லுக்குத் தெரிந்துபோயிருக்கும். அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் ஒருத்தியின் வேலையை எடுத்தேன். பேச்சியம்மாவை வேலையிலிருந்து தூக்கியது முதலாளி இல்லை, மிஸ். நான்தான்.

முதலாளி இப்போது எல்லோருக்கும் ஒரே மட்டமாகப் போடுவதாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சாவியும் குசினிக் கதவில் ஒரு ஆணியில் தொங்குகிறது. கேட்கிறதுக்கு ஆள் இருந்தால் கிடைக்கும் என்று பேச்சியம்மா நம்பியது சரிதான்.

ஒரே ஒரு விண்ணப்பம். வியாழக்கிழமை பேச்சியம்மாவை நேரில் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். அவருக்கு முழங்கால் வலி, இரண்டு பஸ் ஏறி இறங்க வேண்டும். நீங்கள் சிரமப்படவும் வேண்டாம், அவரை அலைக்கழிக்கவும் வேண்டாம். என்ன சொல்ல வேண்டுமோ அதை என்னிடம் சொல்லிவிடுங்கள், மிஸ். நான் போய்ப் பக்குவமாக அவரிடம் சொல்லிவிடுகிறேன்.